கயிறு அறுந்ததா, அறுத்ததா?

வணக்கம் அம்மா. உங்கள் கேள்வி மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான்காம் படிவம் படிக்கும் உங்கள் மகள், தன் தாத்தா வேலை செய்த தோட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறாள். அதில் மூன்று வாக்கியங்கள்: 'மாட்டின் கயிறு அறுத்தது.' 'பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பாவின் அழைப்பு துண்டிக்கப்பட்டது.' 'தாத்தா தினமும் ரப்பர் மரத்தை அறுத்தார்.' ஆசிரியர் முதலாவதையும் மூன்றாவதையும் சுழித்துவிட்டு, இரண்டாவதை அப்படியே விட்டுவிட்டார். சேர்ந்திருந்த ஒன்று பிரிவதைத்தானே மூன்றும் சொல்கின்றன, பேசாமல் எல்லா இடத்திலும் 'துண்டி' என்று எழுதிவிட்டால் என்ன என்று கேட்கிறீர்கள்.

ஆசிரியர் செய்த திருத்தம் சரி. 'துண்டி' என்று எல்லாவற்றையும் எழுதினால், பிழை குறையும்தான், ஆனால் பிள்ளையின் தமிழும் குறைந்துபோகும். எது தானாகப் போனது, எதை ஒருவர் வேண்டுமென்றே பிரித்தார், எதை மறுபடியும் மாட்டிவிடலாம் என்பதையெல்லாம் தமிழ் வெவ்வேறு வினைகளால் சொல்கிறது. அந்த வேறுபாடு பேராக் மாநிலத்தில் நம் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டப் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. எழுத்தில் அதை இழக்க வேண்டியதில்லை.

முதலில் மாட்டுக் கயிறு. 'அறு' என்று சொன்னால் ஒரே சொல்போலக் கேட்கும், ஆனால் அதற்குள் இரண்டு வினைகள் இருக்கின்றன. கயிறு தானாகப் போனால் அறுகிறது, அறுந்தது, அறும். நாம் கத்தி வைத்தால் அறுக்கிறோம், அறுத்தோம், அறுப்போம். நிகழ்காலத்தில் ஒரே ஒரு 'க்'தான் வித்தியாசம்: கயிறு அறுகிறது, கயிற்றை அறுக்கிறான். இறந்த காலத்தில் 'ந்த்' வந்தால் தானாக நடந்தது, 'த்த்' வந்தால் ஒருவர் செய்தது. கிழிந்தது, கிழித்தது, உடைந்தது, உடைத்தது, முறிந்தது, முறித்தது, பிரிந்தது, பிரித்தது என்று இதே தடத்தில் எத்தனையோ வினைகள் போகின்றன. பிள்ளை 'சட்டை கிழித்தது' என்று எழுதமாட்டாள், 'கண்ணாடி உடைத்தது' என்றும் எழுதமாட்டாள். அப்படியிருக்க 'கயிறு அறுத்தது' மட்டும் எப்படி வந்தது?

காரணம் நம் பேச்சில் இருக்கிறது. 'சிலிப்பர் வார் அத்துப்போச்சு' என்கிறோம். 'மாடு கயித்த அத்துக்கிட்டு ஓடிருச்சு' என்றும் சொல்கிறோம். முதலாவதில் 'அத்து' என்பது அறுந்து. இரண்டாவதில் அதே 'அத்து' அறுத்து. 'அவங்களுக்கும் நமக்கும் ஒட்டும் உறவும் அத்துப்போச்சு' என்று பெரியவர்கள் சொன்னால் அது அற்று. அறுந்து, அறுத்து, அற்று ஆகிய மூன்றும் வாயில் ஒரே 'அத்து'வாக மாறிவிடுகின்றன. கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு எழுதும்போது எதைப் போடுவது என்ற குழப்பம் வருவது இயல்புதான். அவளுக்குத் தமிழ் தெரியவில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. பேச்சுத் தமிழ் நன்றாகத் தெரிந்ததால்தான் இந்தப் பிழையே வருகிறது. வீட்டில் தமிழே பேசாத பிள்ளையின் எழுத்தில் வேறு வகைப் பிழைகளைத்தான் பார்க்கலாம்.

திருத்தச் சொல்லும்போது 'ஐ' உருபைக் காட்டிச் சொல்லுங்கள். கயிற்றை, சங்கிலியை, வாரை என்று 'ஐ' வந்தால் அறுத்தான், அறுத்தது. 'ஐ' இல்லாமல் கயிறே எழுவாயாக நின்றால் அறுந்தது. 'கழுத்துச் சங்கிலி அறுந்தது' என்றால் பழைய சங்கிலி, தேய்ந்துபோய் விழுந்திருக்கும். 'சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினான்' என்றால் போலீசுக்குப் போக வேண்டிய சங்கதி. மாட்டுக்கும் இதே கதைதான்: 'கயிறு அறுந்தது' என்றும் எழுதலாம், 'மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது' என்றும் எழுதலாம். கட்டுரைக்கு எனக்குப் பிடித்தது இரண்டாவது. மாட்டின் வேகம் அதில் தெரிகிறது.

மூன்றாவது வடிவம் 'அற்றது'. பெறு என்பது பெற்றது என்றும், உறு என்பது உற்றது என்றும் ஆவதுபோல, அறு என்பது பழைய தமிழில் அற்றது என்று ஆனது. 'அறுந்தது' பரவலான பிறகு, 'அற்ற' என்பது பெரும்பாலும் 'இல்லாமற்போன' என்ற பொருளில் தங்கிவிட்டது: பயனற்ற, எல்லையற்ற, வீடற்ற, பெற்றோரற்ற. 'காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே' என்ற பட்டினத்தார் வரியை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காது அறுந்துபோனதால் இப்போது காது இல்லாத ஊசி. அறுதல் எப்படி இல்லாமையாக மாறியது என்பது அந்த ஒரே சொல்லில் தெரிந்துவிடுகிறது.

தானாக அறுவதையும் நாம் அறுப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் திருக்குறளின் 349-ஆம் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். 'பற்றற்ற கண்ணே பிறப்பறுக்கும் மற்று நிலையாமை காணப் படும்.' பற்று அற்றால், அது பிறப்பை அறுக்கும். 'அற்ற' தானாக நிகழ்வது, 'அறுக்கும்' இன்னொன்றின் மேல் செய்வது. துறவைப் பற்றிய குறள் என்று மட்டும் இதைப் படித்துவிட்டுப் போகிறோம். இலக்கணம் கற்பிக்கவும் இதைவிட நல்ல வரி கிடைப்பது அரிது. தேர்வுக்கு மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் குறளும் மறக்காது, வினையும் மறக்காது.

ஒரு சின்ன எச்சரிக்கை. 'இல்லாத' வருகிற இடத்திலெல்லாம் 'அற்ற' போட்டால் நடை உயரும் என்று சிலர் நினைக்கிறார்கள். 'சீனியற்ற காப்பி' என்று யாரும் கேட்பதில்லையே. அன்றாடப் பொருளுக்கு 'இல்லாத' போதும்.

இந்த வினையின் குடும்பம் பெரியது. அறுவடை, அறுவைச் சிகிச்சை எல்லோருக்கும் தெரிந்தவை. சங்க காலத்தில் 'அறுவை' என்றால் துணி. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு புலவரே இருந்தார், துணி வணிகர். நெய்ததை அறுத்து எடுப்பதால் அறுவை. 'துணி' என்ற சொல்லும் அப்படித்தான்: துணித்தல் என்றால் வெட்டுதல், வெட்டிய துண்டு துணி. தோளில் போடும் துண்டும் அதே வகை. எல்லை போட்டுச் சொல்வது வரையறுப்பது. மறுபேச்சுக்கு இடமில்லாதபடி முடிப்பது அறுதியிடுவது. தேர்தல் சமயத்தில் 'அறுதிப் பெரும்பான்மை' என்று நாளிதழில் வருவதும் இதே அறுதான்.

இங்கே மலேசியத் தமிழருக்குக் கிடைக்கிற ஒரு வசதியைச் சொல்ல வேண்டும். மலாயில் 'பூத்துஸ்' என்றால் அறுதல். கயிறும் பூத்துஸ், போன் லைனும் பூத்துஸ், நிச்சயித்த திருமணம் நின்றாலும் பூத்துஸ். நம்பிக்கை இழப்பது 'பூத்துஸ் ஆசா', நாம் நம்பிக்கை அற்றுப்போனது என்கிறோமே, அதேதான். அந்தச் சொல்லிலிருந்து வருவதுதான் 'கெபூத்தூசான்': முடிவு. ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வின் கெபூத்தூசான் என்று உங்கள் மகள் தினமும் கேட்கிற சொல். அறுதலிலிருந்து முடிவு எப்படிப் பிறந்தது என்று அவள் கேட்டால் தமிழைக் காட்டுங்கள். அறு என்பதிலிருந்து அறுதி. துணி என்பதிலிருந்து துணிவு. 'எண்ணித் துணிக கருமம்' என்ற குறளில் துணிதல் என்பது வெறும் தைரியம் இல்லை, முடிவு செய்தல். பல வழிகள் ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அறுத்துவிடுவதுதான் முடிவு என்று இரண்டு மொழிக்காரர்களுக்கும் தோன்றியிருக்கிறது. மலாயும் தமிழும் படிக்கிற பிள்ளைக்கு இது பெரிய செல்வம்.

அடுத்து, ஆசிரியர் சுழிக்காமல் விட்ட இரண்டாவது வாக்கியம். இலக்கணப் பிழை அதில் இல்லை. ஆனால் எனக்கு அதில் ஒரு குறை உண்டு. 'அழைப்பு துண்டிக்கப்பட்டது' என்றால் யாரோ துண்டித்தார்கள் என்று பொருள். துண்டி என்பது செய்பவர் ஒருவர் இருக்கும் வினை. அதைச் செயப்பாட்டு வினையாக்கினால் செய்தவர் மறைந்து நிற்கிறார், இல்லாமல் போவதில்லை. அப்பா கோபத்தில் போனை வைத்துவிட்டாரா? அல்லது செம்பனைக் காட்டுக்குள் லைன் கிடைக்காமல் போய்விட்டதா? உங்கள் மகளின் கட்டுரையில் அப்பா காட்டுக்குள் இருந்தார், லைன் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 'பேசிக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறுந்தது' என்பதுதான் நடந்ததற்குப் பொருந்தும். 'லைன் விட்டுப்போனது' என்றாலும் நன்றாகத்தான் இருக்கிறது. அப்பாவே வைத்துவிட்டால் 'அழைப்பைத் துண்டித்தார்' என்று எழுதலாம். பேச்சில் 'போனை வெச்சிட்டாரு'. இப்போது வைப்பதற்கு ஒன்றும் இல்லை, விரலால் தொடுகிறோம். ஆனாலும் கம்பி போன் காலத்து 'வை' போகவில்லை. அதை ஏன் மாற்ற வேண்டும்? வழக்கில் இருக்கிற சொல் அது.

மின்சாரத்திலும் இதே கணக்கு. பில் கட்டாததால் ஆள் வந்து நிறுத்திவிட்டுப் போனால், மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மலாயில் அதற்கு 'பூத்துஸ்' என்பதில்லை, 'போத்தோங்', அதாவது வெட்டு. புயல் காற்றில் மரம் சாய்ந்தால் மின்கம்பி அறுந்து விழுந்தது. இரண்டையும் 'துண்டிக்கப்பட்டது' என்றே செய்தியில் எழுதுவதைப் பார்க்கிறேன். வீட்டில் இருட்டு ஒன்றுதான், ஆனால் ஒன்றில் பொறுப்பாளி ஒருவர் இருக்கிறார், மற்றதில் இல்லை. அந்த வேறுபாட்டை மொழி காட்டத் தயாராக இருக்கும்போது நாம் மூடிவிடக் கூடாது.

துண்டு என்ற சொல்லுக்கு நம் தோட்ட வரலாற்றில் ஒரு கனம் உண்டு. தோட்டத் துண்டாடல். 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்கார முதலாளிகளின் பெரிய தோட்டங்கள் கைமாறியபோது, அவற்றைச் சின்னச் சின்ன நிலங்களாகப் பிரித்து விற்றார்கள். வேலையும் லயத்து வீடும் ஒன்றாகப் போயின. அந்த நெருக்கடியில்தான், நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் பங்குப் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை அவர்களுக்காகவே வாங்கினார்கள். அந்தக் காலத்துப் பெரியவர்கள் 'துண்டாடல்' என்று சொல்லும்போது நிலத்தை மட்டும் சொல்லவில்லை. ஆடு என்ற துணைச்சொல், இரக்கமில்லாமல் பலமுறை செய்வதைக் காட்டுகிறது: வெட்டுவது வேறு, பந்தாடுவது வேறு. தாத்தாவின் தோட்டமும் அப்படிப் போனதென்றால், பிள்ளை அந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தட்டும். அது பாடநூல் கொடுத்த சொல் இல்லை, அவள் குடும்பத்தின் சொல்.

மறுபடியும் சேர்க்கக்கூடியவற்றுக்கு அறு வராது. பிளக்கைக் கழற்றுகிறோம், அல்லது பிடுங்குகிறோம். கேஸ் தோம்பிலிருந்து (சிலிண்டரிலிருந்து) குழாயைக் கழற்றுகிறோம். முடிச்சை அவிழ்க்கிறோம். கழற்றுவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது, திரும்ப மாட்டலாம். அறுந்ததைச் சேர்க்க முடிச்சுப் போட வேண்டும், முடிச்சு தெரியும். உறவைப் பற்றிப் பேசும்போது இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்: 'விலகினார்கள்' என்றால் திரும்ப வரலாம், 'பிரிந்தார்கள்' என்றாலும் ஒரு வழி இருக்கிறது, 'உறவை முறித்துக்கொண்டார்கள்' என்றால் கோபம், 'உறவே அற்றுப்போனது' என்றால் தேடினாலும் நூல் கிடையாது. உறவுக்கு 'துண்டி' என்று எழுதினால் இலாகாக் கடிதம் போல இருக்கும்.

சரி, ரப்பர் மரத்துக்கு வருகிறேன். 'தாத்தா ரப்பர் மரத்தை அறுத்தார்' என்று படித்தால், முதிர்ந்த மரத்தைச் சாய்த்துப் பலகை ஆலையில் வாள் வைத்து அறுத்தார் என்றுதான் பொருள் வரும். அதுவும் நடக்கிற தொழில்தான். பால் குறைந்த மரங்கள் ஏறக்குறைய 25, 30 வயதில் வெட்டப்பட்டு நாற்காலி மேசையாகின்றன. தாத்தா செய்தது அதுவல்ல. அவர் மரம் சீவினார், அல்லது நம் தோட்ட வழக்கில் மரம் வெட்டினார். தமிழ்நாட்டிலிருந்து வருகிற உறவினரிடம் 'காலையில் மரம் வெட்டப் போறேன்' என்று சொன்னால் காட்டை அழிக்கப் போவதாக எண்ணுவார்கள். நமக்கு அது பால் எடுப்பது. பால் எடுக்கும் பகுதியை வெட்டுக்காடு என்பதும் அந்த வெட்டிலிருந்து வந்ததுதான். கட்டுரையில் 'பால்மரம் சீவினார்' என்று எழுதினால் எந்த ஊர்த் தமிழருக்கும் விளங்கும்.

சீவு என்ற சொல் எவ்வளவு சரியானது என்று பாருங்கள். ஒவ்வொரு தடவையும் பட்டையில் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர்தான் எடுக்கிறார்கள், பென்சில் சீவுவது போல. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும் சரிவில் கோடு போகும். பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் நேராக நிற்பதில்லை, கொஞ்சம் சாய்ந்து சுற்றிப் போகின்றன. இந்தச் சரிவில் சீவினால்தான் நிறையக் குழாய்கள் அறுபடும், பால் கூடுதலாக வரும். கத்தி ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டுவிட்டால் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காகச் சீவ முடியாது. ஆக, சீவுவது பட்டையை, அறுபடுவது குழாய். இரண்டு வினையும் ஒரே வேலையில் தம் தம் இடத்தில் நிற்கின்றன. பிள்ளை இதை ஒரு வாக்கியமாக எழுதினால் ஆசிரியர் மகிழ்ந்துபோவார்.

வெட்டு, அறு, சீவு, நறுக்கு, அரி என்று தமிழ் பிரித்து வைத்திருப்பது பெரும்பாலும் கையின் அசைவை வைத்துத்தான். மேலிருந்து ஓங்கிப் போட்டால் வெட்டு. கத்தியையோ வாளையோ இழுத்து இழுத்துச் செய்தால் அறு. நெல்லின் தாளை அரிவாளால் இழுப்பதால் கதிர் அறுப்பு. பாகான் செராய்ப் பக்கம் இப்போது இயந்திரம் ஓடினாலும் பெயர் அறுவடைதான். வெங்காயத்தை நறுக்குகிறோம், கீரையை அரிகிறோம். இந்தக் கணக்குப்படி பார்த்தால் செம்பனைக் குலையை 'அறுக்கிறார்கள்' என்று சொல்ல வேண்டும். நீளக் கம்பில் கட்டிய அரிவாளை இழுத்துத்தான் விழச் செய்கிறார்கள். ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை, குலை வெட்டுதான். வழக்கும் தர்க்கமும் மோதினால் வழக்கின் பக்கம் நில்லுங்கள்.

'அறு' வரக்கூடாத இடங்களையும் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டும், கட்டுரையில் திருமணக் காட்சி வந்தால் உதவும். தாலிக் கயிறு தானாக அறுந்தாலும் பெரியவர்கள் 'தாலி அறுந்தது' என்று வாயால் சொல்லமாட்டார்கள், 'பெருகிற்று' என்பார்கள். புதுக் கயிறு மாற்றுவதற்கும் தாலி பெருக்குதல் என்றுதான் பெயர். கணவனை இழந்த பெண்ணைக் குறிக்க அந்த நாளில் 'அறுத்தவள்' என்ற சொல் புழங்கியது, அதிலிருந்து ஒரு வசவும் பிறந்தது. பாட்டிகளின் கதையில் அது வரலாம். பிள்ளையின் சொந்த வாக்கியத்தில் வரவே கூடாது. இருக்கிற துயரத்தின் மேல் இன்னொரு வெட்டு அது.

கடைசியாக, 'அத்துப்போச்சு' என்று கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாத்தா பேசுவதாக வரும் இடத்தில், மேற்கோள் குறிக்குள் எழுதலாம்; அவர் குரல் அதில்தான் இருக்கிறது. மேற்கோளுக்கு வெளியே அறுந்துபோனது, அற்றுப்போனது, அறுத்துக்கொண்டு என்று எது பொருந்துமோ அதை எழுத வேண்டும். எதுவென்று தெரியாமல் தடுமாறினால், அந்த 'அத்து'க்கு முன்னால் 'ஐ' இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் 'அறுத்து'. இல்லாவிட்டால், கையால் தொடக்கூடிய கயிறு, வார், கம்பி என்றால் 'அறுந்து'. உறவு, ஆசை, நம்பிக்கை என்றால் 'அற்று'.